பர்வதமலை இறக்கத்தில் நகம் கறுத்தால்

தம்பியின் ஷூவில் பர்வதமலை ஏறி இறங்கினேன், இனி ஐயாயிரம் ரூபாய்க்கு பூட்ஸ் வாங்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, இறங்கி வந்து பார்த்தால் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் கோளாறு ஷூவின் விலையில் இல்லை, அளவில்.

தம்பியின் ஷூவைப் போட்டுக்கொண்டு போனதுதான் காரணமாக இருக்கும். ஆண்கள் ஷூவில் குதிகால் பக்கம் அகலம் அதிகம். நீளம் சரியாக இருந்தாலும் பின்னால் பிடிப்பு இல்லாததால், ஒவ்வொரு படிக்கும் கால் முன்னே சறுக்கி நகம் இடிபடும்.

1. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஷூவுக்குள் பாதத்தின் கீழ் இருக்கும் மெத்தையை (இன்சோல்) வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும்.

2. நாடாவை மேலே உள்ள கடைசி ஓட்டையில் அதே பக்கமாகக் கோத்துச் சின்ன வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டி, மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். குதிகால் அசையவே கூடாது.

அப்படியும் அசைந்தால், பெண்கள் அளவில் ஒரு சாதாரண ஷூ வாங்குங்கள். டெக்கத்லான் கடையில் கெச்சுவா பிராண்டின் என்எச்100 வரிசையே போதும். மிச்சப் பணத்தில் இரண்டு ஜோடி பாலியஸ்டர் சாக்ஸ். பருத்தி சாக்ஸ் வியர்வையில் ஊறிக் கொப்புளம் போடும். ஜீன்ஸ் வேண்டாம், வீட்டில் இருக்கும் டிராக் பேன்ட்டே நல்லது.

ஒன்று மட்டும்: நகத்தடியில் விண்விண் என்று வலித்தாலோ சீழ் தெரிந்தாலோ, நீங்களே ஊசியால் குத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் வலிக்காவிட்டாலும் காட்டிவிடுங்கள்.