விண்டோஸ் 11: மாறலாமா, பொறுக்கலாமா? – கணினி கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

2016-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஐ3-6100 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ‘இதில் விண்டோஸ் 11 ஓடாது’ என்று திரையில் வருகிறது. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். வீட்டுக் கணக்கு, யூடியூப், பிள்ளைகளின் பாடம், இவ்வளவுதான் எங்கள் வேலை. என்ன செய்ய?
– குடும்பத் தலைவி, கும்பகோணம்

திரையில் வருவது உண்மைதான். இன்டெல் பிராசஸரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. 6100 என்றால் ஆறாம் தலைமுறை, 8400 என்றால் எட்டு, 10400 என்றால் பத்து. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். பயாஸில் (கணினி துவங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) என்ன மாற்றினாலும் உங்கள் பிராசஸர் அந்தப் பட்டியலுக்குள் வராது.

அதற்காக நாளைக்கே பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தருகிற ஒரு திட்டம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் பார்க்கலாம். நிலுவையில் உள்ள அப்டேட்டுகளை எல்லாம் முதலில் ஏற்றிவிடுங்கள். ஏற்றாதவரை அடுத்து சொல்லும் இணைப்பே கண்ணில் படாது. பிறகு செட்டிங்ஸ், அப்டேட் அண்டு செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்பதை அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். செட்டிங்ஸை விண்டோஸ் பேக்கப்பில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் கிடையாது. சம்மதமில்லை என்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலருக்கு ஈடான தொகை. பேக்கப் வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேக்கப் போய்ச் சேரும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபிதான். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களையும் சேர்த்து அனுப்பினால் இரண்டே நாளில் ‘இடம் நிரம்பிவிட்டது, பணம் கட்டுங்கள்’ என்று ஆரம்பித்துவிடும். ஃபோல்டர்களை அணைத்துவிட்டு செட்டிங்ஸை மட்டும் விடுங்கள்.

புதுக் கணினிக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதிலேயே போடுங்கள். கணினியைத் திறந்ததும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடம் பத்து நிமிடம் 100 சதவீதத்தில் நிற்கிறதா? மந்தத்துக்குக் காரணம் பிராசஸர் இல்லை, சுழலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 500 ஜிபி ஒன்று வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுங்கள். பழைய டிஸ்க்கைப் படங்களுக்கும் பாடங்களுக்கும் உள்ளேயே விட்டுவிடலாம். ரேமையும் 8 ஜிபி ஆக்குங்கள். வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தைப் பாருங்கள். வேகம் 2133 என்று இருந்தால் டிடிஆர்4, 1333 அல்லது 1600 என்று இருந்தால் டிடிஆர்3. ஆறாம் தலைமுறை போர்டுகள் இரண்டு வகையிலும் வந்தன. ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது. எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

ஐ5-8400 பிராசஸர், 8 ஜிபி ரேம். பிராசஸர் தகுதியானது என்கிறார்கள். ஆனாலும் ‘டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை’ என்று விண்டோஸ் 11 மறுக்கிறது. தனியாக டிபிஎம் சிப் வாங்க வேண்டுமா? எங்கள் கணினியில் சி, டி, இ, எஃப் என நான்கு டிரைவ்கள் உள்ளன.
– கணக்காளர், திண்டுக்கல்

சிப் வாங்க வேண்டாம். டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. எட்டாம் தலைமுறை இன்டெல் கணினிகளில் அந்த வேலையை ஃபர்ம்வேரே (கணினியிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) செய்யும். பயாஸில் ‘பிடிடி’ என்ற பெயரில் இருக்கும். போர்டுக்குப் போர்டு இடம் மாறும், கொஞ்சம் தேட வேண்டிவரும். ஏஎம்டி கணினியில் அதன் பெயர் ‘எஃப்டிபிஎம்’. அதை எனேபிள் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிதான் தலைவலி. நான்கு டிரைவ்கள் என்று நீங்கள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

விண்டோஸ், ஆர் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் ‘லெகசி’ என்று இருக்கும். அசெம்பிள் செய்த கடையில் பழைய முறையில் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். செக்யூர் பூட் என்பது நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் காவல். அது வேலை செய்ய பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறை வேண்டும். அதற்கு டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் முறை, பழைய எம்பிஆர் வடிவத்திலிருந்து புதிய ஜிபிடி வடிவத்துக்கு மாற வேண்டும். பயாஸில் மட்டும் யுஇஎஃப்ஐ என்று மாற்றிவிட்டு ‘விண்டோஸ் போய்விட்டதே’ என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். எதுவும் போயிருக்காது. பழைய அமைப்பைத் திருப்பி வைத்தால் வந்துவிடும்.

டிஸ்க்கை அழிக்காமலே வடிவத்தை மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. ஆனால் அது இரண்டு நிபந்தனைகள் போடும்: பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் நேரடிப் பிரிவு) மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல டிரைவ்களைப் பிரித்து வைக்கும் பிரிவு) இருக்கவே கூடாது. சி-யை மட்டும் பிரைமரியாக வைத்து, மற்ற மூன்றையும் எக்ஸ்டெண்டடுக்குள் லாஜிக்கல் டிரைவாகப் பிரித்துக் கொடுப்பது நம் ஊர்க் கடைகளின் நெடுநாள் வழக்கம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டி, இ, எஃப் மூன்றையும் சுற்றிப் பச்சைக் கட்டம் இருந்தால் அதுதான் எக்ஸ்டெண்டட்.

இருந்தால் செய்ய வேண்டியது: மூன்று டிரைவ்களில் உள்ளதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். சி-யில் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பதையும் சேர்த்துத்தான். நகலைத் திறந்து நாலு ஃபைல்களைச் சரிபார்த்த பிறகு, அந்த மூன்று டிரைவ்களை நீக்கி, மிஞ்சும் பச்சைக் கட்டத்தையும் நீக்குங்கள். சி-யையும், முன்னால் இருக்கும் ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ பகுதியையும் தொடாதீர்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதை சஸ்பெண்ட் செய்யுங்கள்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கருவியின் பெயர், இடைவெளி, சாய்கோட்டுடன் ‘வேலிடேட்’, மறுபடி இடைவெளி, சாய்கோட்டுடன் ‘அலோஃபுல்ஓஎஸ்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். இது சோதனை மட்டும்தான், எதையும் மாற்றாது. தேறினால், வேலிடேட் இருந்த இடத்தில் ‘கன்வர்ட்’ என்று போட்டு இன்னொரு முறை. சில விநாடிகளில் முடிந்துவிடும். அடுத்து ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் போய் பழைய லெகசி முறையைத் தாங்கும் சிஎஸ்எம் என்பதை அணைத்து யுஇஎஃப்ஐ ஆக்க வேண்டும். டிஸ்க் மாறிவிட்டதால் இனி லெகசியில் பூட் ஆகாது. விண்டோஸ் ஒழுங்காக வந்த பின் செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். ஆன் செய்த பிறகும் ‘நாட் ஆக்டிவ்’ என்று காட்டினால், அதே பக்கத்தில் ஃபேக்டரி கீக்களை ஏற்றும் வசதி இருக்கும், அதை அழுத்த வேண்டும். கடைசியாக, காலியாகக் கிடக்கும் இடத்தில் பழைய எழுத்துகளிலேயே டி, இ, எஃப் உருவாக்கி நகல்களைத் திருப்பிப் போடுங்கள். எழுத்து மாறாவிட்டால் டி-யில் தரவு வைத்திருக்கும் கணக்கு மென்பொருள் எதுவும் நடந்ததாகவே காட்டிக்கொள்ளாது.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு மிகப் பழையதாக இருந்தால், சிஎஸ்எம் அணைத்ததும் திரை கறுப்பாகிவிடும். கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிப் பாருங்கள். 8400-க்கு உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. இன்னொன்று, போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி. கணினியின் கடிகாரம் தினமும் பின்னுக்குப் போகிறதென்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதோடு இந்த வேலையைச் செய்தால், இரவு மெயின் சுவிட்சை அணைத்ததும் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, காலையில் கணினி பூட் ஆகாது. முதலில் பேட்டரியை மாற்றுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட மலிவான ரிப்பேர் அதுதான்.

இவ்வளவும் செய்யலாமா என்றால், எட்டாம் தலைமுறை ஐ5-க்குக் கட்டாயம் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன் மட்டும் தொடாதீர்கள்.

தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு மெக்கானிக். நம்பலாமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஏறும். சோதனையைத் தாண்டிப் போகிற பென்டிரைவைத் தயாரிக்க இலவச மென்பொருளே இருக்கிறது. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. மாதாந்தர அப்டேட்டுகள் வரலாம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு பெரும்பாலும் தானாக வராது, அதே வித்தையை மறுபடி செய்ய வேண்டும். கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய பிராசஸரில் 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. அது கேட்கும் கட்டளைகள் சில அந்தச் சில்லில் கிடையாது. படிக்க, பழகிப் பார்க்க என்றால் சரி. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் வேண்டாம். ‘ஆக்டிவேட்டும் நானே செய்து தருகிறேன்’ என்று அவர் கிராக் மென்பொருளை எடுத்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

டிடிபி சென்டர் நடத்துகிறேன். பாமினி உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பழைய ஃபான்ட்கள், பழைய பேஜ் லேஅவுட் மென்பொருள், ஒரு பழைய லேசர் பிரிண்டர். மாறினால் எது எது போகும்?
– அச்சகத் தொழிலாளர், சிவகாசி

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ வரியைப் படியுங்கள். ‘64 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று இருந்தால், இன்று ஓடும் மென்பொருளும் பிரிண்டரும் பெரும்பாலும் அப்படியே ஓடும். ‘32 பிட்’ என்றால் கதை வேறு. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. மேலேயே அப்கிரேடு செய்ய முடியாது, அழித்துப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். 32 பிட் பிரிண்டர் டிரைவர் செல்லாது. தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். டாஸ் காலத்து நிரல்களும் 16 பிட் இன்ஸ்டாலர்களும் திறக்கவே திறக்காது.

பாமினி வகை ஃபான்ட்கள் வெறும் ஃபைல்கள்தான், அவற்றுக்கு ஆபத்தில்லை. ஆனால் புதிதாக ஏற்றுகிறவர்கள் சி டிரைவ் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை நகலெடுத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளாகவே, ஃபான்ட் மீது சும்மா ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் அது அந்தப் பயனரின் தனி ஃபோல்டருக்குப் போகிறது. நகலில் அது இருக்காது. பழைய லேஅவுட் மென்பொருள்கள் பலவற்றின் கண்ணிலும் அது படாது. ‘வேர்டில் தெரிகிறது, இதில் தெரியவில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பல நேரம் இதுதான். ஃபான்ட்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள்.

லதா, விஜயா ஃபான்ட்கள் காணோம் என்றால் பயப்பட வேண்டாம். ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்று தேடிச் சேர்த்தால் வந்துவிடும்.

மென்பொருளுக்கு டாங்கிள் (உரிமத்துக்காக யுஎஸ்பியில் செருகும் சாவி) செருகுகிறீர்களா? அதன் பழைய டிரைவரைக் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள ‘மெமரி இன்டெக்ரிட்டி’ தடுக்கக்கூடும். அதை அணைத்தால் ஓடும், ஆனால் ஒரு பாதுகாப்புச் சுவர் போகும். தொழிலே அந்த ஒரு மென்பொருளில் நிற்கிறதென்றால் நாங்கள் சொல்வது: பழைய கணினியை இணையத்திலிருந்து கழற்றி அதற்கென்றே வைத்துக்கொண்டு, மெயிலுக்கும் வாட்ஸ்ஆப்புக்கும் வேறொன்றை வையுங்கள். அப்போதும் அந்தப் பழைய கணினியில் செருகுவதற்கு முன் வாடிக்கையாளர் தரும் பென்டிரைவை மற்றதில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 போட்டால் கணினி வேகமாகுமா?
– வாசகி, கோவை

ஆகாது. 4 ஜிபி ரேமில் ஏறும் என்று எழுதியிருக்கிறார்கள். ஏறும்தான், பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாமல் முயல வேண்டாம்.

மாறிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்ப முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

அழிக்காமல் மேலேயே அப்கிரேடு செய்திருந்தால் 10 நாளுக்குள் முடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, ‘கோ பேக்’. இடையில் உருவாக்கிய ஃபைல்கள் நிற்கும். இடையில் நிறுவிய மென்பொருள்கள் போகும். பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில்தான் இருக்கிறது. பெரிதாக இருக்கிறதே என்று டிஸ்க் கிளீனப்பில் அதை நீக்கினால் திரும்பும் வழி அன்றோடு அடைபடும். அந்தப் பத்து நாளும் பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வங்கித் தளம் என்று தினம் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். அப்கிரேடு ஓடும்போது டெஸ்க்டாப் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

நான்காம் தலைமுறை லேப்டாப். பிரவுசரைத் தவிர வேறெதுவும் பயன்படுத்துவதில்லை. லினக்ஸ்?
– வாசகர், யாழ்ப்பாணம்

தாராளமாக. லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, 4 ஜிபி ரேம் போதும். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என நான்கையும் பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் போன் கேபிள் வழியாக இணையம் கொடுத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் அதுவே டிரைவரைக் கண்டுபிடித்துவிடும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு முறையிலும் தட்டச்ச ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.