‘ஆஸ்க்’ இருக்க ‘டிமாண்ட்’ எதற்கு?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும். எதற்கெடுத்தாலும் ‘ஆஸ்க்’ என்றே எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறதே என்று ‘டிமாண்ட்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘கொஸ்டின்’, ‘என்கொயர்’ என்று மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்தேன். ஒரு வாடிக்கையாளர், ‘ஏன் இவ்வளவு கடுமையாக எழுதுகிறீர்கள்?’ என்று பதில் போட்டுவிட்டார். எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

பதில்: அவரைக் கோபப்படுத்தியது பெரும்பாலும் ‘டிமாண்ட்’ ஆகத்தான் இருக்கும். ‘வி டிமாண்ட் த பேமென்ட் டீடெய்ல்ஸ்’ என்று எழுதினால், ‘விவரத்தைக் கொடுத்தே தீர வேண்டும்’ என்று அதட்டுவதாகப் பொருள். டிமாண்ட் டிராஃப்ட், சந்தையில் டிமாண்ட் என்று அந்தச் சொல் நமக்குப் பெயர்ச்சொல்லாக நன்றாகப் பழகியிருக்கிறது. அதனால் அதை வினைச்சொல்லாக எழுதும்போது அதிலுள்ள மிரட்டல் நம் காதில் விழுவதில்லை.

இந்த மிரட்டல் அந்தச் சொல்லோடு பிறந்ததில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், ‘தெமாந்தே’ என்றால் சாதாரணமாகக் கேட்பதுதான் என்பார்கள். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நெடுங்காலம் கோலோச்சியது. அந்த வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த ‘டிமாண்ட்’, வழக்கு மொழியில் புழங்கி, உரிமையோடு கேட்பது, கொடுக்காவிட்டால் விடாமல் கேட்பது என்ற பொருளில் நின்றுவிட்டது. ‘ரிக்வெஸ்ட்’, ‘என்கொயர்’, ‘கொஸ்டின்’ எல்லாமே பிரெஞ்சு வழியாக வந்தவைதான். ‘ஆஸ்க்’ ஒன்றுதான் இவற்றில் மண்ணின் சொல். அது எளிமையாகத் தெரியக் காரணம் அதுதான். பேரறிஞர் எழுதும் கட்டுரையிலும் குழந்தையின் பேச்சிலும் அது ஒரேபோல வரும். அதை எழுதுவதற்கு நீங்கள் கூச்சப்படவே வேண்டாம்.

ஒரு பொருளுக்குப் பல சொல் இருந்தால் மாற்றி மாற்றிப் போடுவது எழுத்துக்கு அழகு என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பதற்கான சொற்களில் இது ஆபத்து. யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதையே சொல்கிறது: ‘ஈ’ என்பது தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்கும் சொல், ‘தா’ என்பது ஒத்த நிலையில் இருப்பவர் கேட்பது, ‘கொடு’ என்பது உயர்ந்த நிலையில் இருப்பவர் கேட்பது. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், கேட்பவர் நிற்கும் இடம்தான் வேறு. ஆங்கிலத்திலும் ‘பெக்’ என்றால் கெஞ்சல், ‘டிமாண்ட்’ என்றால் அதட்டல், ‘ரிக்வெஸ்ட்’ என்றால் முறைப்படியான வேண்டுகோள். ‘ஆஸ்க்’ யாருக்கும் பொருந்தும்.

சரி, ‘ரிக்வெஸ்ட்’ எழுதலாமா? விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் தாராளமாக எழுதலாம். ஆனால் நம் ஊரில் பத்துப் பேர் எழுதினால் பாதிப் பேராவது ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்றுதான் எழுதுவார்கள். வினைச்சொல்லாக வரும்போது ‘ஃபார்’ கூடாது: ‘ஐ ரிக்வெஸ்ட் லீவ்’. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஃபார்’ வேண்டும்: ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. இந்தக் குழப்பத்துக்கு ‘ஆஸ்க் ஃபார்’ ஒரு காரணம். ‘ஆஸ்க்’ மட்டும் வந்தால் பெரும்பாலும் பதில் கேட்கிறோம், ‘ஆஸ்க் ஃபார்’ வந்தால் பொருளைக் கேட்கிறோம். ‘ஐ ஆஸ்க்டு த பிரைஸ்’ என்றால் விலை என்ன என்று கேட்டேன். ‘ஐ ஆஸ்க்டு ஃபார் எ டிஸ்கவுன்ட்’ என்றால் தள்ளுபடி கேட்டேன். அனுமதி போன்ற சில சொற்கள் மட்டும் ‘ஃபார்’ இல்லாமலும் வரும். ‘ஆஸ்க் பர்மிஷன்’ தவறில்லை.

உண்மையில், சொல் தேர்வில் நடப்பதைவிட அதிகமான பிழை ‘ஆஸ்க்’ என்ற சொல்லுக்கு அடுத்த இடத்தில்தான் நடக்கிறது. ‘மேனேஜரிடம் கேட்டேன்’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு எழுதும்போது அந்த ‘இடம்’ ஆங்கிலத்தில் ‘டு’ ஆகிவிடுகிறது: ‘ஐ ஆஸ்க்டு டு மை மேனேஜர்’. அந்த ‘டு’வை எடுத்துவிடுங்கள். ‘ஐ ஆஸ்க்டு மை மேனேஜர்’, அவ்வளவுதான். இதேபோல ‘ஃபைல் எங்கே என்று கேட்டேன்’ என்பதில் வரும் ‘என்று’, ‘தட்’ ஆக மாறி வந்து உட்கார்ந்துகொள்ளும்: ‘ஐ ஆஸ்க்டு ஹிம் தட் வேர் வாஸ் த ஃபைல்’. இதில் இரண்டு பிழை. ‘தட்’ வேண்டாம், சொற்களின் வரிசையும் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும்: ‘ஐ ஆஸ்க்டு ஹிம் வேர் த ஃபைல் வாஸ்’. ‘வருவாரா என்று கேட்டேன்’ என்பதுபோல ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக இருந்தால் ‘இஃப்’ போடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பிழை என்று இலக்கணம் சொல்லாது, ஆனால் உறவைக் கெடுக்கும். ‘மேனேஜரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்’ என்று தமிழில் சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. அதை அப்படியே ‘ஐ டோல்டு மை மேனேஜர் டு சைன்’ என்று எழுதினால், மேலதிகாரிக்கு நீங்கள் உத்தரவு போட்டதாகிவிடும். ‘ஐ ஆஸ்க்டு மை மேனேஜர் டு சைன்’ என்பதே சரி. இங்கே வரும் ‘டு’ அடுத்த வினையோடு சேர்ந்தது, அதனால் அது இருக்கத்தான் வேண்டும். வாடிக்கையாளரைப் பற்றி எழுதும்போது ‘டெல்’ பக்கமே போகாதீர்கள்.

இதெல்லாம் நடந்த கேள்வியைப் பிறகு சொல்வதற்கு. நேரடியாக ஒன்றைக் கேட்கும்போது ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் கேட்கும் வினைச்சொல்லையே எழுதுவதில்லை, கேள்வியாகவே கேட்டுவிடுகிறார்கள். ‘வி ரிக்வெஸ்ட் யு டு செண்ட் த டீடெய்ல்ஸ்’ என்பதைவிட ‘குட் யு ப்ளீஸ் செண்ட் அஸ் த டீடெய்ல்ஸ்?’ என்பது இயல்பாகவும் மரியாதையாகவும் ஒலிக்கும். உங்கள் மின்னஞ்சல்களில் பாதிச் சிக்கல் இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துவிடும்.

அப்புறம் ‘கொஸ்டின்’. அதைப் பெயர்ச்சொல்லாக எழுதும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் ‘வி கொஸ்டின்டு யுவர் டீம்’ என்றால் காவல் நிலையத்தில் உட்கார வைத்து விசாரித்த தொனி வரும். ‘இன்டராகேட்’ இன்னும் மோசம். கணக்குப் பிரிவுக்கு ஏற்ற நல்ல சொல் ‘க்வெரி’. ஒரு பில்லில் தொகை சரியா என்று கேட்க அதுதான் பொருத்தம். ‘வி ஹேவ் எ க்வெரி அபௌட் திஸ் இன்வாய்ஸ்’ என்று எழுதுங்கள். அந்த இடத்தில் ‘டவுட்’ மட்டும் வேண்டாம். வகுப்பில் கை தூக்கி ‘சார், ஒரு டவுட்’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இந்திய ஆங்கிலத்தில் அது இயல்பான வழக்கு, நமக்குள் அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் லண்டனிலோ சிகாகோவிலோ இருப்பவர் ‘வி ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்’ என்பதைப் படித்தால், பில்லின் நேர்மையையே சந்தேகிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்.

‘என்கொயர்’ தகவல் கேட்பதற்கு மட்டும்தான், பொருளையோ பணத்தையோ கேட்க உதவாது. கூடவே ‘அபௌட்’ வேண்டும்: ‘ஐ ஆம் ரைட்டிங் டு என்கொயர் அபௌட் த ஷிப்மென்ட்’. நாம் அன்போடு சொல்லும் ‘அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்பதை இதில் எழுத முடியாது. ‘ஐ என்கொயர்டு யுவர் ஃபாதர்’ என்பது பிழை. அந்த விசாரிப்புக்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்க் ஆஃப்டர்’ என்ற தொடரே இருக்கிறது: ‘ஷி ஆஸ்க்டு ஆஃப்டர் யு’ என்றால் உங்கள் நலம் விசாரித்தாள்.

‘என்கொயர்’ என்று ஆங்கில ‘இ’ (E) எழுத்தில் தொடங்குவதா, ‘இன்கொயர்’ என்று ஆங்கில ‘ஐ’ (I) எழுத்தில் தொடங்குவதா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். பிரிட்டனில் சாதாரணமாகக் கேட்பதற்கு ‘இ’, அரசு விசாரணை போன்றவற்றுக்கு ‘ஐ’ என்று பிரித்து எழுதுபவர்கள் உண்டு. அமெரிக்காவில் இரண்டுக்கும் ‘ஐ’தான் வழக்கம். வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து அதற்கேற்ப எழுதுங்கள்.