மென்பொருளில் குறை கண்டுபிடிக்கக் கண் அசைவைப் பதிய வேண்டுமா?

"ஆட்கள் திரையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அறிய, பக்கத்தில் இருந்து பார்த்தால் போதாதா? கண் அசைவைப் பதியும் கருவி எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலான குறைகளுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே போதும். ஆனால் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டால், அதைக் காணவே இல்லையா, கண்டும் தயங்கினாரா என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டுக்கும் மருந்து வேறு. கருவி அங்கேதான் தேவைப்படுகிறது.

நான் திருகோணமலையில் மென்பொருள்களுக்கு இடைமுகம், அதாவது ஆட்கள் பயன்படுத்தும் திரைகளை, வடிவமைக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கான அறைப்பதிவு மென்பொருளைச் சோதித்தபோது, வரவேற்பு மேசையில் இருக்கும் ஒரு தம்பியும் ஒரு அக்காவும் பதிவைச் சேமிக்காமலே அடுத்த திரைக்குப் போனார்கள். வெளிப்பார்வைக்கு ஒரே தவறு. கண் பதிவைப் போட்டுப் பார்த்தால், தம்பியின் பார்வை திரையின் வலது மேல் மூலைக்குப் போகவே இல்லை. அங்கே விளம்பரம் போல ஒரு வண்ணப் பட்டை, அதற்குள் சேமிக்கும் பொத்தான். அக்காவின் பார்வையோ அதே பொத்தானுக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்திருக்கிறது. பதிவை அவருக்கே காட்டிக் கேட்டோம். பொத்தானில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து, அழுத்தினால் விருந்தினருக்குப் பில் போய்விடும் என்று பயந்தாராம். தம்பிக்காகப் பொத்தானைப் படிவத்தின் அடியில் வைத்தோம். அக்காவுக்காக அம்புக்குறியை எடுத்துவிட்டு, பொத்தான் என்ன செய்யும் என்பதை எழுத்தில் போட்டோம். இடத்தை மட்டும் மாற்றியிருந்தால் அவருடைய பயம் போயிருக்காது.

அதனால், அதிகம் பார்த்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் நிறப்படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பார்வை நெடுநேரம் நின்றது விருப்பத்தாலா, விளங்காமையாலா என்று அது சொல்லாது. 1950 இலேயே அமெரிக்க உளவியலாளர் போல் ஃபிட்ஸும் கூட்டாளிகளும் விமானம் தரையிறக்கும் விமானிகளின் கண்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். விமானத்தின் ஒரு அளவுக்கருவியை எத்தனை தடவை பார்க்கிறார்கள் என்பது அதன் முக்கியத்துவத்தையும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது அதைப் படிப்பதன் கடினத்தையும் காட்டுவதாகப் பிரித்துச் சொன்னார்கள். எனக்கு இன்றும் அந்தப் பிரிப்புத்தான் உதவுகிறது.

அப்புறம், நடைமுறை. கண் அசைவைப் பதியும் கருவி கண்ணில் அகச்சிவப்பு ஒளியைப் படவிட்டு, கருவிழியில் தெரியும் அதன் பிரதிபலிப்பையும் கண்மணியின் நடுவையும் ஒப்பிட்டுப் பார்வையின் திசையைக் கணக்கிடுகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, நேரே விழுந்தால் கணக்குக் குழம்பும். எங்கள் ஊர் வெயிலுக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மடிக்கணினிக் கமெராவை வைத்தே செய்யும் மலிவான மென்பொருள்களும் இருக்கின்றன. திரையின் எந்தப் பகுதி என்று ஓரளவு சொல்லும், நெருங்கி இருக்கும் இரண்டு பொத்தான்களில் எது என்பதற்கு அவற்றை நம்ப வேண்டாம்.