கேள்வி–பதில்: ரோசா பார்க்ஸ் களைத்துப்போன கிழவியா?

போன இதழில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றி நாலு வரி எழுதப்போக, கடிதமும் வட்ஸ்அப்பும் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு ரோசா பார்க்ஸ் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு ஏழைத் தையல்காரக் கிழவி, கால் நோவால் பஸ்ஸில் எழும்ப மறுத்தார், அன்றே போராட்டம் வெடித்தது என்று இருக்கிறது. சரியா?
— எஸ். கே., வெள்ளவத்தை

தையல் வேலை என்பது மட்டும் சரி. அவருக்கு அப்போது வயது 42. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணைக் கிழவி என்று வெள்ளவத்தைச் சந்தையில் நின்று சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி. கால் நோவும் இல்லை, வழக்கத்தை விடக் களைப்பும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமை அமைப்பின், அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரக் கிளைக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவர் அவர். 1955 கோடையில் டென்னசியில் ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளிக்கும் போய் வந்திருந்தார்.

அந்த ஊர் பஸ்ஸைப் பற்றி மகளுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். முன்னால் உள்ள பத்து ஆசனம் வெள்ளையருக்கு, அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பர் உட்காரக்கூடாது. முன்கதவால் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கி, பின்கதவுக்கு நடந்து போய் மறுபடி ஏறச் சொல்வார்கள், அதற்குள் சாரதி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. 1943இல் அப்படிப் பின்கதவால் ஏற மறுத்ததற்காகப் பார்க்ஸை இறக்கிவிட்ட சாரதியும், 1955 டிசம்பர் 1ஆம் திகதி பொலிஸைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்த சாரதியும் ஒரே ஆள்தான்! அன்று அவர் இருந்தது நடுப்பகுதியில். ஒரேயொரு வெள்ளையர் உட்காருவதற்காக அந்த வரிசையில் இருந்த நாலு பேரும் எழும்ப வேண்டுமாம், ஒரே வரிசையில் இரண்டு நிறமும் இருக்கக்கூடாதல்லவா. மற்ற மூவரும் எழும்பினார்கள், இவர் எழும்பவில்லை.

அப்புறம் அந்த ‘வெடித்தது’. ஜோ ஆன் றொபின்சன் என்றொரு கல்லூரி ஆங்கில விரிவுரையாளர் இருந்தார். இப்படியே போனால் பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று அவருடைய பெண்கள் அமைப்பு 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் போட்டுவிட்டது. பார்க்ஸ் கைதான அன்று இரவு, தான் படிப்பிக்கும் கல்லூரிக்குள் போய், ஒரு நண்பரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, விடியும்வரை ரோனியோ என்ற பிரதியெடுக்கும் மெசினில் பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்களை அடித்துத் தள்ளினார். திங்கட்கிழமை ஆரம்பித்த புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. டாக்சிக்காரர்கள் 10 சதத்துக்கு ஏற்றினார்கள், நகரசபை விடவில்லை, 45 சதத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டம் பேசியது. சரி என்று முந்நூறு வரையான சொந்தக் கார்களைத் திரட்டி, எந்த மூலையில் எத்தனை மணிக்கு யார் ஏற்றுவது என்று அட்டவணை போட்டு ஓடினார்கள். பெற்றோலுக்குக் காசு? ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணியும் சிநேகிதிகளும் கோழிப் பொரியலும் கேக்கும் விற்றுச் சேர்த்தார்கள். எங்கிருந்து வந்த காசு என்று கேட்டால் ‘எங்கிருந்தும் வரவில்லை’ என்பார்கள். வெள்ளைக்கார வீடுகளில் வேலை செய்த பெண்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே.

மூன்று நிமிடப் பேச்சுக்கு இந்த ரோனியோ மெசினும் கோழிப் பொரியலும் போதும் என்பேன். நடுவர் அசந்துபோவார்.

பார்க்ஸுக்கு முன்பே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இதே காரியத்தைச் செய்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?
— எம். ஆர்., கொட்டாஞ்சேனை

உண்மை. குளோடெட் கொல்வின், 15 வயது, ஒன்பது மாதம் முந்தி, அதே ஊர். பெரியவர்கள் யோசித்தார்கள், சின்னப் பிள்ளை, துடுக்கு, வழக்கில் நிற்குமா என்று. பிறகு அந்தப் பிள்ளை கர்ப்பமானதும் பேச்சே இல்லை. ‘நல்ல குடும்பத்துப்’ பெண்தான் வேண்டும் என்ற கணக்கு நமக்கொன்றும் புதிதல்ல. ஆனால் பஸ் பாகுபாட்டைச் சட்டப்படி முறித்த வழக்கு பார்க்ஸின் வழக்கு அல்ல, கொல்வினும் இன்னும் மூன்று பெண்களும் மனுதாரர்களாக நின்ற வழக்கு. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கொல்வினின் பெயரில் கிடந்த அந்தப் பழைய பொலிஸ் பதிவை அழிக்க 2021 வரை ஆனது.

காந்தியைப் பார்த்துத்தான் அவர்கள் செய்தார்கள் என்கிறார்கள். இந்தியா சரி, இந்தக் கதையில் கொழும்புக்கு ஏதாவது இடம் உண்டா?
— டி. என்., தெஹிவளை

இருக்கிறது, அதுவும் நமக்கு அவ்வளவு வசதியாக இல்லாத இடம். ஹோவர்ட் தேர்மன் என்ற கறுப்பினப் போதகர், 1935இல் நாலு பேர் கொண்ட கிறிஸ்தவத் தூதுக் குழுவின் தலைவராக இலங்கை, இந்தியா, பர்மா என்று சுற்ற வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அமெரிக்கக் கறுப்பரின் நிலைமை பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் அதிபர் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். கோப்பி முடியும்வரை ஒரு பேச்சும் இல்லை. அதன் பிறகு அதிபர் கேட்டாரே ஒரு கேள்வி: உன் முன்னோரை அடிமையாகப் பிடித்துப்போனவன் கிறிஸ்தவன், விற்றவன் கிறிஸ்தவன், இன்றைக்கும் உங்களைக் கட்டி அடிக்கிறவன் கிறிஸ்தவன், அந்த மதத்தின் பெயரில் இங்கே வந்து நிற்கிறாயே, உலகத்தில் உள்ள கறுத்த மக்களுக்கெல்லாம் நீ துரோகி இல்லையா?

தேர்மனுக்கு இது சுருக்கென்று தைத்தது. 1949இல் வெளியான தன் புத்தகத்தை இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறார், ஒடுக்கப்பட்டவனுக்கு இயேசு என்ன சொல்கிறார் என்பதுதான் புத்தகம் முழுக்க. 1936 பெப்ரவரியில் காந்தியையும் சந்தித்தார். பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங் பொஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது அந்தப் பல்கலைக்கழக ஆலயத்தின் பொறுப்பில் இருந்தவரும் தேர்மன்தான். அந்தக் கோப்பிக் கோப்பையிலிருந்து மொன்ட்கொமரிக்கு நேர்கோடு போடுவதற்கில்லை, அவ்வளவு சுலபமாக வரலாறு ஓடுவதில்லை. ஆனால் கேள்வி கேட்ட இடம் நம் ஊர்.

அமெரிக்கக்காரனின் நிறவெறியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நீங்கள், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடையைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?
— பெயர் வேண்டாம், மட்டக்குளி

இப்போதே. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கல்லூரிப் பையன்கள் வூல்வர்த் கடைக்குள் போனார்கள். பற்பசை போன்ற சாமான் வாங்கினார்கள், விற்றார்கள். அதே கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து கோப்பி கேட்டார்கள், கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழும்பவில்லை, மறுநாள் இன்னும் பலரோடு வந்தார்கள், ஜூலை மாதம் கடைக்காரர் இறங்கிவந்தார். சாதி பார்த்துக் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடாததைத் தடுக்க நம்மிடம் 1957லேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருந்தது. இருந்தும் 1966இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போகவேண்டி வந்தது, அதன் பிறகுதான் தேநீர்க் கடைப் பிரவேசங்கள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல். கிங்கின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, மகனுக்குப் பெண் பார்க்கும்போது ஊரையும் குறிச்சியையும் விசாரிக்கிற வீடுகளை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

1959இல் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த இடம். ‘அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர்’ என்று அதிபர் அவரை அறிமுகம் செய்ய, முதலில் கிங்குக்குக் கோபம்தான் வந்ததாம். கொஞ்சம் யோசித்தபின் ஆம் என்று ஒத்துக்கொண்டாராம். 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னது.

கிங் உயிரோடு இருந்தபோதும் இவ்வளவு புகழா?
— ஜே. பி., வத்தளை

இல்லை. 1966 கலப் கருத்துக்கணிப்பில் 63 சதவீதம் பேர் அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். கொல்லப்பட்டது 1968இல், அவர் பெயரில் தேசிய விடுமுறைக்குக் கையெழுத்தானது 1983இல்.

1964இல் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டதே, பிறகும் ஏன் கறுப்பின மக்கள் பின்தங்கியிருக்கிறார்கள்?
— எஸ். வி., பம்பலப்பிட்டி

வீடு. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நான் முதலில் சொல்வது வீடு. போரிலிருந்து திரும்பிய படைவீரருக்கு மலிவுக் கடனும் படிப்பும் கொடுக்க 1944இல் ஒரு சட்டம் வந்தது. காகிதத்தில் நிறம் இல்லை. கடனைக் கொடுப்பது உள்ளூர் வங்கி, அங்கேதான் நிறம். 1947இல் மிசிசிப்பியில் அந்தத் திட்டத்தின் உத்தரவாதத்தோடு கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரருக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டாயிரம் அல்ல, இரண்டு. அதே வருடம் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுனில் வெள்ளையர் அல்லாதவரைக் குடிவைக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அங்கே வாங்கியவனின் வீடு விலை ஏறி, பேரப்பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பியது, வாங்க முடியாதவன் வாடகை கட்டிக்கொண்டே இருந்தான். வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது, கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

உங்கள் பக்கத்து ‘வீடு வாடகைக்கு’ விளம்பரங்களில் ‘சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்பதை வாசித்துவிட்டு, சிங்களப் பகுதியில் தமிழருக்கு வீடு தரவில்லை என்று நாம் பேசிக்கொள்வதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நான் பதுளைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் கடை வைத்திருக்கிறேன். வாக்குரிமை விஷயத்தில் நாம் அமெரிக்காவுக்கு முந்தியவர்கள் என்று ஒரு நண்பர் பெருமைப்படுகிறார். சரியா?
— கே. எம்., ஐந்துலாம்புச் சந்தி

பாதி சரி. 1931இல் இங்கே 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு என்று வந்தது, தோட்ட மக்களுக்கு மட்டும் அப்போதே நிபந்தனைகள் இருந்தன. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. 1948, 49ஆம் வருடச் சட்டங்களோடு தோட்ட மக்களின் குடியுரிமையும் வாக்கும் போயின, 1952இல் ஓர் ஆசனம்கூட இல்லை. கடைசிப் பாக்கியைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது.

அங்கே மிசிசிப்பியில் 1965க்கு முன் வாக்காளர் இடாப்பில் இருந்த கறுப்பர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை, அந்த வருடம் வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு வருடத்தில் அறுபதுக்குக் கிட்ட வந்தார்கள். உங்கள் நண்பருக்கு பானி லூ ஹேமரின் கதையைச் சொல்லுங்கள். பருத்தித் தோட்டத்தில் 18 வருடம் வேலை செய்தவர். 1962 ஓகஸ்ட் 31ஆம் திகதி பதியப் போனார். மாநில அரசியலமைப்பில் ஒரு பந்தியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லி, தவறு என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு வந்து சேருமுன் துரைக்குச் செய்தி போய்விட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் தோட்டத்தை விட்டு வெளியேறு என்றார் துரை. உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு அன்றிரவே வெளியேறினார்.