பலகையில் 4 நிமிடம், கோல் விழுந்ததோ 95:40-இல்: அது செல்லுமா?

கால்பந்து ஆட்டத்தின் 90 நிமிடம் முடியும்போது, கூடுதல் நேரம் 4 நிமிடம் என்று பலகை காட்டியும் 95:40-இல் விழுந்த கோல் செல்லுமா, கடைசியில் உங்கள் அணிக்குக் கிடைத்த கார்னரை (மூலையிலிருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பை) எடுக்கவிடாமல் விசில் ஊதியது சரியா, முறையிடலாமா என்பதே கேள்வி. கோல் செல்லும். நான்காவது நடுவர் உயர்த்திக் காட்டும் எண், கூடுதல் நேரத்தின் குறைந்தபட்ச அளவு மட்டுமே. முதன்மை நடுவர் அதைக் கூட்டலாம், ஆனால் குறைக்க முடியாது என்பதே கால்பந்தின் 7-ஆம் விதி.

பெரும்பாலும் அந்த 4 நிமிடங்களுக்குள்ளேயே ஓர் ஆட்டக்காரர் மாற்றப்பட்டிருப்பார், அல்லது யாரேனும் காயம்பட்டுக் கிடந்திருப்பார்; அப்படி வீணான நேரத்தை நடுவர் மேலும் சேர்த்துக்கொள்வார். ஆட்டத்தின் பதிவு இருந்தால் 90:00 முதல் ஓடவிட்டு, காயம், மாற்றம், அட்டை, வேண்டுமென்றே செய்த தாமதம் போன்றவற்றுக்கான இடைவெளிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். பந்து வெளியே போய் உடனே எறியப்படும் சில வினாடிகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

கடைசியில் உங்கள் அணிக்குக் கிடைத்த கார்னரை எடுக்கவிடாமல் விசில் ஊதியது வேறு விஷயம். தாக்குதல் முடியும்வரை பல நடுவர்கள் பொறுத்திருப்பது வழக்கமே தவிர விதியன்று. 1978 உலகக் கோப்பையில் பிரேசில்–சுவீடன் ஆட்டத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை பிரேசிலின் ஜிகோ தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். பந்து காற்றில் இருந்தபோதே நடுவர் கிளைவ் தாமஸ் ஆட்டத்தை முடித்துவிட்டதால் 1–1 என்பதே முடிவாயிற்று. கொடூரம்தான், ஆனால் விதிப்படி சரி. பெனால்டிக்கு மட்டுமே விலக்கு உண்டு: நேரம் தீர்ந்தாலும் அது உதைக்கப்பட்டு முடியும்வரை ஆட்டம் நீளும்.

ஒரு எச்சரிக்கை: இளையோர் போட்டிகளில் பாதியின் நீளம் 45 நிமிடத்துக்குக் குறைவாக இருக்கலாம் என்பதால், முறையீட்டுக்கு முன் உங்கள் போட்டியின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.