எடை குறையவில்லை, கால் மட்டும் ஏன் தளர்கிறது?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 72 வயது. எடை அப்படியேதான் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. சதை கரைகிறதா?

கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். சதை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் தராசு காட்டிக்கொடுக்காது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஆசிய நாட்டவருக்கு வகுத்த அளவுப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்டவேண்டும். இந்தத் தசை இழப்புக்கு 'சார்கோபீனியா' என்று பெயர். 1989-இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் வைத்தது.

கேள்வி: வயதானால் சதை வற்றத்தானே செய்யும்? உள்ளே அப்படி என்ன நடக்கிறது?

பலரும் தசையை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் நரம்பைச் சொல்வேன். முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரு கூட்டம் தசை நார்களை ஆள்கிறது. 60 வயதைத் தாண்டும்போது இந்த அணுக்கள் பல மடிந்துபோகின்றன. அநாதையான நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுக்கும், மற்றவை சூம்பிவிடும். அதிகம் அடிபடுவது வேக நார்கள். கால் இடறும்போது சட்டென்று அடுத்த அடியை வைத்து நம்மைத் தாங்குபவை அவைதான். முதியவர்கள் விழுவதை வெறும் கவனக்குறைவு என்று யாரும் திட்டாதீர்கள், வேதனையாக இருக்கிறது. கிழிந்த தசையைச் செப்பனிடும் துணை அணுக்களும் வேக நார்களில்தான் அதிகம் குறைகின்றன.

கேள்வி: அம்மா இரவில் ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்கிறார். போதாதா ஐயா?

போதாது அம்மா, அதில் புரதம் குறைவு. அதே அளவு புரதத்தைக் கொண்டு இளம் தசை வளரும் வேகத்தில் முதிய தசை வளராது. அதனால் முதியவருக்குத்தான் கூடுதலாக வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

கேள்வி: காய்ச்சலில் 10 நாள் படுத்தார் தாத்தா. அதற்குள் கால் இவ்வளவு இளைக்குமா?

இளைக்கும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்தது. காய்ச்சல் விட்டதும் கைத்தாங்கலாக நடக்கவிடுங்கள்.

கேள்வி: 90 வயதில் பளு தூக்கிப் பயனுண்டா?

உண்டு. பாஸ்டன் முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய சிலருக்கு 8 வாரம் காலுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-இல் வெளியான முடிவு: கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தாத்தாவுக்கு முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே போதும், யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.