ரோலில் போட்ட ‘25’ என்பது 25 என்ன?

கடிதங்களை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். இந்த முறை ரிப்பன் போ (இரண்டு வளையமும் வாலும் வைத்துக் கட்டும் அலங்கார முடிச்சு) கட்டுகிறவர்களும் துணிப்பூ, காகிதப்பூ செய்கிறவர்களும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: சாட்டின் ரிப்பனை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி, பூவுக்கு ஐந்து இதழ் வைத்துச் செய்கிறேன். 100 பூவுக்கு ஆர்டர் வந்தது. 50 மி.மீ. அகலத்தில் ‘25’ என்று போட்டிருந்த ரோல் ஒன்று வாங்கினேன். 91 பூவிலேயே ரிப்பன் தீர்ந்துவிட்டது. நான் வெட்டியதில் தவறா?

பதில்: உங்கள் கையில் தவறே இல்லை. நீங்கள் 25 மீட்டர் என்று நினைத்து வாங்கினீர்கள். வந்தது 25 கஜம். ஒரு கஜம் 0.9144 மீட்டர். 25 கஜம் என்றால் 22.86 மீட்டர்தான். அதில் 5 செ.மீ. சதுரம் 457 வரும். ஐந்தால் வகுத்தால் 91 பூ, மிச்சம் இரண்டு இதழ். ஒரு சதுரம்கூட வீணாக்காமல் வெட்டியிருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. ரிப்பனைக் கஜத்தில் விற்பது பழைய வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு அலகை விட்டுவிடுவதுதான் ஏமாற்று. மீட்டர் என்று நினைத்து வாங்குகிறவர் 25 என்று போட்ட ஒவ்வொரு ரோலிலும் இரண்டு மீட்டருக்கு மேல் இழக்கிறார். 10 என்று போட்ட சின்ன ரோலும் அப்படித்தான்: 9.14 மீட்டர். இன்னும் சிலர் எண்ணே போடுவதில்லை. ‘ஒரு ரோல்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். ரோல் என்பது ஓர் அளவா? நடுவில் இருக்கும் அட்டைக்குழாயைப் பெரிதாக வைத்தால் பத்து மீட்டர் ரிப்பன்கூடப் படத்தில் கொழுகொழுவென்று தெரியும். பாதி ரோலில் ஒட்டுப் போட்டு இரண்டு துண்டை ஒன்றாகச் சுற்றி வருவதும் உண்டு. நீளமாக வெட்டிப் பெரிய போ கட்டுகிறவருக்கு அந்த ஒட்டு விழும் இடம் முழுக்க நஷ்டம்.

வாங்கும் முன் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: மீட்டரா கஜமா, நடுவில் ஒட்டு உண்டா, அகலம் எத்தனை மி.மீ. பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம். ரோல் வந்ததும் 50 செ.மீ. நீள அட்டை ஒன்றில் ரிப்பனைச் சுற்றுங்கள். முன்னும் பின்னுமாக ஒரு முழுச் சுற்று ஒரு மீட்டர். சுற்றை எண்ணிக்கொண்டே போனால் நீளமும் தெரியும், ஒட்டும் அகப்படும். பிரிப்பதிலிருந்து சுற்றி முடிக்கும் வரை ஃபோனில் படம் பிடித்துவையுங்கள். உங்கள் ரோலின் விற்பனைப் பக்கத்தில் ‘மீட்டர்’ என்று இருந்ததென்றால் அதைப் படமெடுத்து, குறைந்த 2.14 மீட்டருக்கு ஈடு கேளுங்கள். எண் மட்டும்தான் இருந்தது என்றால் பணம் திரும்புவது கடினம். ஆனாலும் அலகு போடவில்லை என்று அந்தப் பக்கத்திலேயே விமர்சனம் எழுதுங்கள், அடுத்து வருகிறவராவது பார்க்கட்டும்.

கேள்வி: காம்பில் சுற்றும் பச்சை டேப் ஒட்டவே இல்லை. மூன்று கடையில் வாங்கிவிட்டேன், மூன்றும் போலி.

பதில்: மூன்றும் நல்ல டேப்பாகத்தான் இருக்கும். அது மெழுகேற்றிய காகிதம். இழுத்துச் சுற்றினால்தான் மெழுகு வெளியே வந்து தன்மேல் தானே ஒட்டும்.

கேள்வி: ‘வீட்டிலிருந்தே ரிப்பன் போ செய்யுங்கள், செய்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பதிவுக் கட்டணமும் பொருள் பெட்டிக்கான பணமும் கட்டினேன். ராத்திரி கண்விழித்து 200 போ செய்து அனுப்பினேன். ‘தரம் போதாது’ என்று அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. இன்னொரு பெட்டி வாங்கிப் பழகினால் எடுத்துக்கொள்வார்களாம். வாங்கலாமா? வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இனி ஒரு காசு அனுப்பாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்க வளையமும் ஒரே அளவு. நடுக்கட்டு இறுக்கமாக இருக்கிறது. வால் நுனிகளைச் சாய்த்து வெட்டிச் சுடரில் காட்டிப் பிசிறில்லாமல் முடித்திருக்கிறீர்கள். இதில் தரம் போதாது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நீங்கள் எதை அனுப்பியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அவர்களுடைய வருமானமே நீங்கள் கட்டிய பணம்தான். போவை வாங்கி விற்கும் எண்ணம் முதலிலிருந்தே அவர்களுக்கு இல்லை. அதனால்தான் ‘தரம்’ என்றால் என்ன என்று எங்குமே எழுதிவைப்பதில்லை: வளையம் எத்தனை செ.மீ., வால் எவ்வளவு, எந்த ரிப்பன், எத்தனை சதவீதம் வரை கழிவு என்று ஒரு வரி இருக்காது. உண்மையிலேயே போ தேவைப்படுகிறவர் ஒரு மாதிரியைக் கையில் கொடுத்து, இதுபோல நான்கு செய்து காட்டுங்கள் என்பார். வேலை செய்கிறவரிடம் பணம் கேட்க மாட்டார்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே போன்ற ஒரு பெட்டிக்குப் பணம் கட்டியவள். எனக்கு வந்தது காகிதப்பூ. பெட்டியில் இருந்த க்ரீப் காகிதம் விரலில் ஈரம் பட்டாலே சாயம் விட்டது. அதே காகிதத்தில் செய்து அனுப்பிய பூக்களை ‘கறை இருக்கிறது’ என்று திருப்பினார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் பெட்டியைப் பரணில் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, என் தெருவிலேயே இன்னும் இரண்டு பெண்கள் எனக்குப் பின்னால் அதே இடத்தில் பணம் கட்டியிருந்தார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். இன்று வரை அது என் மனதில் கிடக்கிறது. அதனால் முதலில் வீட்டில் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

விளம்பரம், ரசீது, குறுஞ்செய்தி, திரும்பி வந்த பார்சலின் சீட்டு எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து ஓரிடத்தில் வையுங்கள். அவர்கள் பக்கத்தை அழித்துவிடுவார்கள். இந்தத் தேதிக்குள் முழுப்பணமும் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கார்டு வழியாகக் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே முறையிடுங்கள். அதற்குக் கெடு உண்டு, நாள் கடத்தாதீர்கள். நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். ஒருவர் புகாரைவிடப் பலர் புகாருக்குக் கனம் அதிகம். அந்த விளம்பரத்தின் கீழ் எழுதியவர்களில் உங்களைப்போல் ஏமாந்தவர்கள் இருப்பார்கள், தேடுங்கள். அந்த 200 போவையும் தூக்கிப் போடாதீர்கள். பரிசுப் பொருள் கட்டித் தருகிறவர்களிடம் பத்தை மாதிரியாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவை விற்கும்.

கேள்வி: விலை கூடுதல் கொடுத்து ‘சில்க் பூ’ வாங்கினேன். தொட்டால் பிளாஸ்டிக் துணி மாதிரி இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெயர் பழையது. ஒரு காலத்தில் பட்டுத் துணியில் செய்ததால் வந்த பெயர். இன்று சில்க் பூ என்று விற்பதில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். ‘சில்க் பூ’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது வழக்குப் பெயர் என்று தப்பித்துக்கொள்வார்கள். ‘அசல் பட்டு’, ‘100 சதவீதம் பட்டு’ என்று எழுதியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சோதிக்க ஓர் இதழின் அடியிலிருந்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பருத்தி காகிதம்போல எரியும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கல் மாதிரி மணியாகும். ரிப்பனுக்கும் இதே சோதனைதான். இன்னொன்று: சாட்டின் என்பது நெசவின் பெயர், நூலின் பெயர் அல்ல. சாட்டின் என்று எழுதியிருப்பதால் அது பட்டு ஆகாது.

கேள்வி: ஃபோனில் பார்த்த நிறம் ஒன்று, வந்தது வேறு. 60 ரோல். விற்றவர் திரும்ப வாங்க மறுக்கிறார். அவரை என்ன செய்யலாம்?

பதில்: ஒரு ரோல் வாங்கிப் பார்த்துவிட்டுத்தானே 59 வாங்கியிருக்க வேண்டும்? நிற அட்டை அனுப்புவதாக விற்றவரே பக்கத்தில் எழுதியிருப்பதை நீங்கள் அனுப்பிய படத்திலேயே பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஃபோன் திரையும் சிவப்பை ஒவ்வொரு மாதிரி காட்டும். சாட்டின் பளபளப்பு வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். பிரிக்காத ரோல்களையாவது மாற்றித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அவர் மறுத்தால் நான் அவர் பக்கம்தான்.

நிறத்தில் நானும் பட்டிருக்கிறேன். ஒரே கடையில், ஒரே நிற எண், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அரக்குச் சிவப்பு வாங்கினேன். சாயத்தொட்டி வேறு, அதனால் நிறமும் ஒரு சாயல் வேறு. பாதிப் போக்கள் ஒன்றாகவும் பாதி வேறாகவும் போய், அந்த ஆர்டரை முழுக்க மறுபடி கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு வேலைக்கு வேண்டியதை, கொஞ்சம் கூடுதலாகவே, ஒரே லாட் நம்பரில் (ஒரே சாயத்தொட்டியில் தோய்ந்தவற்றுக்குப் போடும் எண்) ஒரே தடவையாக வாங்குகிறேன்.

கேள்வி: பசைக்குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னில் ஒட்டினால் ரிப்பன் சுருங்குகிறது. ஆனால் உலோகக் கிளிப்பில் ஒட்டியது மட்டும் கழன்று விழுகிறது. பசை மட்டமா?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அதிக சூட்டுக் கன் சுமார் 190 டிகிரி செல்சியஸ் வரை போகும். குறைந்த சூட்டுக் கன் சுமார் 120. மெல்லிய சாட்டினுக்கும், கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் ஆர்கன்சாவுக்கும் குறைந்த சூடே போதும். கிளிப்பில் கழல்வதற்குக் காரணம், வழவழப்பான உலோகம் சூட்டை இழுத்துக்கொண்டு, பசை பிடிக்கும் முன்பே அதை உறைய வைத்துவிடுகிறது. கிளிப்பின் மேல் முதலில் மெல்லிய ரிப்பனைச் சுற்றிவிடுங்கள். வரி வரியான கிராஸ்கிரெய்ன் ரிப்பன் நல்லது, வரிகளில் பசை பிடிக்கும். அதன் மேல் போவை ஒட்டுங்கள்.

கன் வாங்கும்போது பசைக்குச்சியின் குறுக்களவையும் பாருங்கள். 7 மி.மீ. கன்னில் 11 மி.மீ. குச்சி நுழையாது. மலிவு என்று நான் வாங்கிய ஒரு கன்னில் தாங்குகால் இரண்டாம் நாளே உடைந்தது. படுக்க வைத்தபோது பசை பின்பக்கமாக ஒழுகி உள்ளே இறுகி, கன் அதோடு போயிற்று. கால் உறுதியாக நிற்காத கன்னைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ரோஜாக் காம்புக்கு 26 கேஜ் கம்பி வாங்கினேன். தலை தொங்குகிறது.

பதில்: கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். அது கூடக் கூடக் கம்பி மெலியும். 26 இதழுக்கும் இலைக்கும்தான். காம்புக்கு 18 கேளுங்கள். கேஜிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு முறை உண்டு, ஒரே எண் இரண்டு தடிமனில் வரும். மி.மீ.யில் கேட்டால் குழப்பமில்லை: 1 மி.மீ. அளவில் இருந்தால் பெரிய ரோஜாவைத் தாங்கும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தலைப்பட்டை வாங்கினேன். பூ நடுவில் முத்து ஒட்டியிருக்கிறது. ஆபத்தா?

பதில்: ஆமாம். அந்த முத்தை இன்றே எடுத்துவிடுங்கள். பசையால் ஒட்டிய எதுவும் குழந்தை இழுத்தால் கையோடு வரும், அடுத்து வாய்க்குப் போகும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. முத்து அதில் எத்தனையோ தடவை அடங்கும். பூவைப் பட்டையோடு சேர்த்து நூலால் தைத்து, நடுவில் துணி முடிச்சு வைத்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தூங்கும்போது தலைப்பட்டையே வேண்டாம்.

இதை விற்கிறவர்களுக்கும் சொல்கிறேன். முத்து ஒட்டிய பட்டையைக் கைக்குழந்தையின் படத்தோடு விற்காதீர்கள்.

கேள்வி: ஓரத்தில் கம்பி வைத்த ரிப்பனை வாசல் மாலையில் கட்டினேன். மழையில் நனைந்து ஓரமெல்லாம் துருக்கறை.

பதில்: உள்ளே இருப்பது இரும்புக் கம்பி. வெளியில் கட்டுவதற்கு என்று சொல்லித் துருப்பிடிக்காத கம்பி வைத்ததைக் கேட்டு வாங்க வேண்டும். ‘வெளியில் கட்டலாம்’ என்று எழுதி விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: போ கட்டும் பலகை வாங்கலாமா? விலை அதிகமாக இருக்கிறது.

பதில்: 6 மி.மீ. ரிப்பனில் கட்டும் சின்ன போவுக்கு முள்கரண்டி போதும், பற்களுக்கு இடையில் நுழைத்துக் கட்டிவிடலாம். பெரிய போவுக்கு மரப்பலகையில் இரண்டு துளை போட்டு இரண்டு குச்சி நட்டால் அதேதான். அந்தப் பணத்துக்கு ரிப்பன் வாங்குங்கள். மீட்டரா கஜமா என்று கேட்டு வாங்குங்கள்.